கீழே கடை, மேலே வீடு: கலப்புப் பயன்பாட்டுக் கட்டடங்களும் தீயணை நீர்த்தெளிப்பானும்

தோற்றுவாய்

பொன்னேரிக் கடைவீதியில் அந்திநேரத்தில் நடப்பவர் கடைகளின் விளக்கொளியை மட்டும் பார்த்துச் செல்வது இயல்பு. சற்றே தலையை உயர்த்திப் பார்ப்பாராயின், அக்கடைகளுக்கு மேலே இன்னோர் ஊர் இருப்பது புலனாகும். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஈரத் துணிகள் உலர்கின்றன. சாளரத்தின் வழியே தாளிக்கும் மணம் வருகின்றது. குழந்தை ஒன்று பாடத்தை உரக்கப் படிக்கின்றது. கீழே மெத்தைக் கடை. மேலே உறங்கும் குடும்பம். கீழே பெயிண்ட் கடை. மேலே முதியோர் இருவர். கீழே மின்சார ஸ்கூட்டர் விற்பனை நிலையம். மேலே ஓரறையில் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் எண்மர்.

கடைக்கு மேலே குடியிருப்பது நம் சமுதாயத்தார்க்குப் புதிதன்று. வணிகக் குடும்பங்களுக்கு அது வழிவழி வந்த வாழ்க்கை முறை. கடையும் கண்பார்வையில் இருக்கும், வாடகையும் மிச்சம், இஷாத் தொழுகை முடிந்து வந்தால் படியேறினால் வீடு. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு முன் அக்கடையில் இருந்தவை அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும். இன்று இருப்பவை நுரை மெத்தை, பிளாஸ்டிக் சாமான், தின்னர், நறுமணத் தெளிப்புக் குப்பி, லித்தியம் மின்கலம். கட்டடம் அதேதான், படிக்கட்டும் அதேதான். கீழே இருக்கும் சரக்குதான் மாறியிருக்கின்றது. பொன்னேரி 2021ஆம் ஆண்டில் நகராட்சியாயிற்று. வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும், தென்கிழக்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் வளர வளர, இங்கே மாடிமேல் மாடி எழுகின்றது. இவ்வாறு வணிகமும் குடியிருப்பும் ஒருங்கே அமைந்தவற்றைக் கலப்புப் பயன்பாட்டுக் கட்டடங்கள் என்று கட்டடவியலார் குறிப்பர். அவற்றின் தீப்பாதுகாப்பை, சிறப்பாகத் தானியங்கி நீர்த்தெளிப்பானைப் பற்றி, பொதுமக்களுக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று கேட்பார் இருக்கலாம். கட்டட விதிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கட்டடம் கட்டுவோரோ தமிழில் சிந்திக்கின்றனர். இடையிலுள்ள பள்ளத்தைத் தூர்ப்பது தமிழாசிரியர் கடமை என்றே நாம் கருதுகின்றோம்.

பெயர் பற்றி ஒரு சொல்

இக்கருவியைத் 'தீத்தெளிப்பான்' என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இலக்கணப்படி நோக்கின் இது தீயைத் தெளிக்கும் கருவி என்றே பொருள்படும். வெறுமனே 'தெளிப்பான்' என்றாலோ, நம் வட்டாரத்து உழவர் வேர்க்கடலைக் கொல்லையில் சுழலும் பாசனக் கருவியையே நினைப்பர். ஆகவே 'தீயணை நீர்த்தெளிப்பான்' என்னும் தொடரை ஈண்டு ஆள்கின்றோம். பேச்சில் அனைவரும் ஸ்பிரிங்க்ளர் என்றே வழங்குகின்றனர். அதனையும் குறை சொல்வதற்கில்லை. பெயர் எதுவாயினும் பொருள் மேற்கூரையில் இருந்தால் சரி.

அறநூலும் நபிமொழியும் காட்டும் தீ

மதுரையை எரித்த தீ, முதியோரையும் குழந்தைகளையும் விட்டு விலகுமாறு கண்ணகி இட்ட கட்டளையைக் கேட்டது என்பது சிலப்பதிகாரம் காட்டும் செய்தி. காப்பியத் தீ கட்டளை கேட்டது. கடைவீதித் தீ கேட்பதில்லை. அது முதலில் தேடிச் செல்வது முதியோரையும் குழந்தைகளையுமே. வள்ளுவப் பெருந்தகை, குற்றங்கடிதல் அதிகாரத்தில், வருமுன் காவாதவன் வாழ்வுக்குத் தீயின் முன் கிடக்கும் வைக்கோற்போரை உவமையாக்கினார். வைக்கோற்போருக்குப் பதில் நுரை மெத்தை என்று கொண்டால், அவ்வுவமை நம் கடைவீதிக்கு அப்படியே பொருந்தும்.

இவற்றினும் நெருக்கமாக நம் பொருளைத் தொடுவன இரு நபிமொழிகள். மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு, உள்ளே குடும்பத்தார் இருக்கையில் தீப்பற்றி எரிந்தது. அச்செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உரைக்கப்பட்டபோது, நெருப்பு உங்களுக்குப் பகை என்றும், உறங்கச் செல்லுமுன் அதனை அணைத்துவிடுங்கள் என்றும் அவர்கள் அறிவுறுத்தினார்கள் என அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கின்றார்கள். வேறோர் அறிவிப்பில், எலி விளக்குத்திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்னும் காரணமும் சொல்லப்படுகின்றது. உறங்கும் மனிதன் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவன். ஆகவே அவன் உறங்குமுன்பே காவல் முடிந்திருக்க வேண்டும். தீப்பாதுகாப்பு நூல்கள் பல பக்கங்களில் சொல்லும் அடிப்படை இதுவே. இன்று நம் வீட்டில் திரிவிளக்கு இல்லை. இரவு முழுதும் செருகியே கிடக்கும் சார்ஜரும், கீழ்க்கடையில் ஓயாது ஓடும் குளிர்பெட்டியும் இருக்கின்றன. எலியும் இருக்கின்றது, மின்கம்பியின் உறையைக் கடிக்கின்றது.

இரண்டாவது, நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் கப்பல் உவமை. ஒரு கப்பலில் சீட்டுக் குலுக்கி, சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம் பெற்றனர். கீழ்த்தளத்தார் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே செல்ல வேண்டியிருந்தது. மேலிருப்போருக்குத் தொல்லை தராமல், தம் பங்கிலேயே ஒரு துளை போட்டுக்கொள்ளலாம் என அவர்கள் எண்ணினர். மேல்தளத்தார் அதற்கு விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். இவ்வுவமையை நாம் மேடைகளில் பல பொருளில் விரித்துரைப்பதுண்டு. கீழே கடையும் மேலே வீடும் உடைய கட்டடத்துக்கு இதனினும் நேரான விளக்கத்தை நாம் கண்டதில்லை. கீழ்த்தளத்தான் தீயவனல்லன், தன் பங்கில்தான் துளையிடுகின்றான். மேல்தளத்தாருக்குத் தொல்லை தரக்கூடாது என்றுகூட நினைக்கின்றான்.

ஹைதராபாத்தின் மூன்று தீக்கள்

கலப்புக் கட்டடத் தீயை அறிய விரும்புவோர் அண்மை ஆண்டுகளின் ஹைதராபாத்தை நோக்குதல் தகும். மூன்று ஆண்டுக்குள் மூன்று நிகழ்ச்சிகள்.

2022 செப்டம்பர் 12 இரவு, செகந்தராபாத்தில் ஒரு கட்டடத்தின் கீழே இருந்த மின்சார ஸ்கூட்டர் நிலையத்தில் தீ மூண்டது. மேலே தங்கும் விடுதி. புகை படிக்கட்டு வழியே மேலேறியது. 8 பேர் மாண்டனர். 2023 நவம்பர் 13 அன்று நாம்பள்ளி பஜார்காட்டில், குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் வேதிப்பொருட் பீப்பாய்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் பற்றிய தீயால் மேல்தளங்களில் குடியிருந்தோரில் 9 பேர் உயிர் துறந்தனர்.

மூன்றாவது, சார்மினார் அருகே குல்ஸார் ஹவுஸ் பகுதியில் 2025 மே 18, ஞாயிறு காலை நிகழ்ந்தது. கீழே நகை, முத்துக் கடைகள். மேலே, தலைமுறைகளாக அங்கே வாணிகம் செய்துவந்த குடும்பம். விடுமுறைக்கு உறவினரும் வந்திருந்தனர். 17 பேர் இறந்தனர். அவர்களுள் 8 பேர் குழந்தைகள். கட்டடம் ஏதோ வானளாவிய மாளிகையன்று. தரைத்தளமும் இரண்டு மாடியுமே. சுரங்கம் போன்ற ஒரே நுழைவழி. உள்ளே ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டு. அக்கம்பக்கத்து முஸ்லிம் இளைஞர்கள் சுவரை உடைத்து உள்ளே நுழைந்து காப்பாற்ற முயன்றதைச் செய்தித்தாள்கள் எழுதின. அவர்கள் துணிவு போற்றற்குரியது. ஆயினும் அவர்கள் உள்ளே சென்றபோது காலம் கடந்திருந்தது.

இம்மூன்றிலும் ஒன்றை மாணவர் உற்று நோக்க வேண்டும். மாண்டவருள் பெரும்பாலோரைக் கொன்றது சுடரன்று, புகை. தரைத்தளத்தில் பிறந்த புகைக்குப் படிக்கட்டே புகைபோக்கியாகின்றது. மனிதர் தப்பிக்க வைத்திருக்கும் ஒரே வழி, புகை மேலேறவும் ஒரே வழியாயிற்று. கரியமில வாயுவினும் கொடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை அது எழுப்புவதில்லை.

சென்னையில் 2017 மே 31 அன்று தியாகராய நகரில் எரிந்த ஏழடுக்குத் துணிக்கடையை நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்டோம். அடித்தளத்தில் எழுந்த தீ, புகை மண்டிய காரணத்தால் தீயணைப்போர் உள்ளே செல்ல இயலாமல், ஒரு பகலும் ஓரிரவும் கடந்து எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதியே சரிந்தது. மேல்மாடியில் இருந்த ஊழியர்கள் மீட்கப்பட்டது இறையருள். அதே வட்டாரத்தில், ரங்கநாதன் தெருவின் பல்பொருள் அங்காடி ஒன்றில் 2008 செப்டம்பர் 1 அன்று மூண்ட தீயில் ஊழியர் இருவர் பிழைக்கவில்லை.

மாணவர்களுக்கு நெருக்கமானதொன்றும் உண்டு. 2019 மே 24 அன்று சூரத் நகரின் வணிக வளாகம் ஒன்றில், கீழே கடைகள் இருக்க, உச்சித் தளத்தில் பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தீ மேலேறியபோது பிள்ளைகள் சாளரத்தின் வழியே குதித்தனர். 22 பேர் மறைந்தனர். நம் ஊரில் தனிப்பயிற்சிக்குச் செல்லும் மாணவர், தாம் ஏறும் படிக்கட்டு எத்தனை, அதன் அடியில் என்ன அடுக்கப்பட்டிருக்கின்றது என்று நாளையே பார்த்து வருதல் நலம்.

கடல் கடந்து சென்ற நம்மவரும் இதற்கு விலக்கல்லர். குவைத்தின் மங்காஃப் பகுதியில் 2024 ஜூன் 12 விடியலில், தொழிலாளர் தங்கியிருந்த அடுக்குமாடியின் தரைத்தளத்தில் தீ பிறந்தது. கொச்சி விமான நிலையத்தில் இறக்கப்பட்ட உடல்கள் 31; அவற்றுள் தமிழகத்தார் உடல்கள் 7. கும்மிடிப்பூண்டியில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தங்கியிருப்போரை நாம் காணும்போது, குவைத்தில் நம் பிள்ளைகளும் அவ்வாறே தங்கியிருக்கின்றனர் என்பது நினைவுக்கு வர வேண்டும்.

கருவியின் இயல்பு

நீர்த்தெளிப்பானைத் திரைப்படங்களில் மட்டுமே கண்டவர், ஒருவன் தீக்குச்சியை உயர்த்திக் காட்டியவுடன் கட்டடம் முழுதும் மழை பொழியும் என்று நம்புகின்றனர். கடைக்காரர் பலர் இதனை வேண்டாமென்பதற்கும் இதுவே காரணம்: "சின்னப் புகைக்கெல்லாம் தண்ணீர் கொட்டிச் சரக்கு பாழாகிவிடுமே!" உண்மை அதுவன்று. ஒவ்வொரு தெளிப்பானும் தனித்தனிக் காவலன். அதன் வாயை ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் அடைத்து நிற்கின்றது. குமிழினுள் நிறமிட்ட நீர்மம். வெப்பம் குறித்த அளவை எட்டியதும் நீர்மம் விரிந்து குமிழை உடைக்கின்றது. அடைப்பு விழுந்து நீர் பாய்கின்றது. புகைக்கு அது திறவாது; வெப்பத்துக்கே திறக்கும். தீக்கு நேர் மேலே உள்ள ஒன்றோ இரண்டோதான் பெரும்பாலும் திறக்கும். அடுத்த அறையிலுள்ளவை வாய்மூடியே இருக்கும்.

நீர்மத்தின் நிறமே வெப்பநிலையைக் காட்டும் குறி. ஆரஞ்சு 57 பாகை செல்சியஸ், சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141. சாதாரண அறைகளில் சிவப்புக் குமிழ் வழக்கம். அறையின் இயல்பான உச்ச வெப்பத்தினும் ஏறத்தாழ 30 பாகை கூடுதலாகத் தேர்ந்துகொள்வது விதி. ஆகவே சித்திரை வெயிலில் காயும் தகரக் கூரைக் கிடங்குக்குச் சிவப்புக் குமிழ் போதாது. மஞ்சளோ பச்சையோ வேண்டும். இதனை அறியாது பொருத்திவிட்டு, தீயின்றியே குமிழ் உடைந்ததென்று கருவியைப் பழிப்பது முறையன்று.

வழக்கமான தெளிப்பான் ஒன்று, ஒரு பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் நீரைச் சொரியும். தீயணைப்பு வண்டியின் குழாய் பீய்ச்சும் நீரோடு ஒப்பிட இது சிறிது. ஆயினும் தீ குழந்தையாக இருக்கும்போதே விழுவதால் அது போதுமானதாகின்றது. வண்டி வந்து சேரும்போதோ தீ வளர்ந்து ஆளாகிவிடுகின்றது. கடைவீதியில் தள்ளுவண்டியும் ஷேர் ஆட்டோவும் விலகி வழிவிடும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இக்கருவியின் வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. 1874இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பியானோ தொழிற்சாலை நடத்திய ஹென்றி பார்மலி என்பார், தம் ஆலையைக் காக்கத் தானியங்கித் தெளிப்பானை அமைத்தார். பின்னர் ஃபிரடெரிக் கிரின்னெல் அதனைத் திருத்தி மேம்படுத்தினார். பஞ்சாலை முதலாளிகளும் அவர்களுக்குக் காப்பீடு அளித்தோருமே அதனைப் பரப்பினர். அஃதாவது, இக்கருவி பிறந்தது சரக்கைக் காக்க; மனிதரைக் காக்க அன்று. வீடுகளுக்கென அமெரிக்காவில் தனி நெறிமுறை வகுக்கப்பட்டது 1975இல்தான். ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகு. கடை எத்தனை சதுர மீட்டர், சரக்கு எவ்வளவு என்று அளக்கும் விதி, மேலே எத்தனை பேர் உறங்குகின்றனர் என்று முதலில் கேட்காமல் இருப்பதற்கு இப்பிறப்பும் ஒரு காரணமாகலாம்.

இது எல்லாத் தீக்கும் மருந்தன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். லித்தியம் மின்கலம் பற்றினால் தெளிப்பான் அதனை முற்றும் அணைத்துவிடாது; சுற்றிலும் உள்ளவை பற்றாமல் குளிர்வித்துக் காலம் ஈட்டித் தரும். எண்ணெய்ச் சட்டியில் எழுந்த தீக்கு நீர் பகை. பராமரிப்பும் வேண்டும். குமிழின் மேல் சுண்ணாம்பு பூசிவிட்டால் அது குருடாகும். தெளிப்பானுக்குக் கீழே ஏறத்தாழ அரை மீட்டர் வெற்றிடம் விடாமல் அட்டைப் பெட்டிகளைக் கூரைமுட்ட அடுக்கினால், நீர் பெட்டியின் தலையில் விழும். தீ பெட்டியின் காலடியில் எரியும்.

விதி சொல்வதும் விடுவதும்

இந்தியத் தர நிறுவனம் வெளியிட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில், நான்காம் பகுதி தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பு பற்றியது. அது கட்டடங்களைப் பயன்பாடு நோக்கி வகுக்கின்றது. குடியிருப்பு ஒரு பிரிவு. வணிகம் ஒரு பிரிவு. கிடங்கு ஒரு பிரிவு. வணிகத்துள்ளும் 500 சதுர மீட்டர் வரையுள்ள கடை வேறு, அதற்கு மேற்பட்டது வேறு. அடித்தளம் 200 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் அங்கே தெளிப்பான் வேண்டும் என்கின்றது.

கலப்புக் கட்டடத்துக்கு அது வகுத்த நெறி எளிது. ஒரே கட்டடம் பல பயன்பாடுகளுக்கு ஆளாகுமாயின், அவற்றுள் மிகுந்த ஆபத்துடைய பயன்பாட்டுக்குரிய விதியே கட்டடம் முழுவதற்கும் பொருந்தும். இரண்டுக்கும் இடையே குறித்த நேரம் தீயைத் தாங்கவல்ல தடுப்பு இருந்தாலன்றி, அவற்றைத் தனித்தனியாகக் கருதலாகாது. கப்பல் உவமையின் சட்ட வடிவம் என்று இதனைச் சொன்னால் மிகையாகாது. மேலே வீடுதானே என்று மேல்தளத்தை மட்டும் அளப்பது செல்லாது. கீழே இருப்பதை வைத்தே மேலே இருப்பவரின் ஆபத்து அளக்கப்பட வேண்டும்.

நெறி நன்று. சிக்கல் எங்கே எழுகின்றதெனின், உயரத்தில். விதித்தொகுப்பு 15 மீட்டரையும் அதற்கு மேலும் உள்ளவற்றை உயர்மாடிக் கட்டடம் என்கின்றது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, 18.30 மீட்டரைத் தாண்டியதையே அவ்வாறு கொள்கின்றன. விதித்தொகுப்பு தானாகவே சட்டமாவதில்லை. மாநிலம் ஏற்ற அளவுக்கே செல்லும் என்பதும் நினைவிற்குரியது. உயர்மாடி என்றால் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, நீரேற்றுக் குழாய், தெளிப்பான் எனக் கேள்விகள் தொடரும். நம் கடைவீதிக் கட்டடமோ தரைத்தளமும் இரு மாடியும். உயரம் 10 மீட்டர் அளவே. கடை 500 சதுர மீட்டரில் கால் பங்குகூட இராது. அடித்தளம் இல்லை. எனவே தெளிப்பான் என்னும் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. குல்ஸார் ஹவுஸ் கட்டடமும் ஏறத்தாழ இதே அளவினதுதான். இவை சட்டத்தை மீறிய கட்டடங்கள் என்று சொல்வதைவிட, சட்டத்தின் பார்வை படாத கட்டடங்கள் என்பதே பொருத்தம்.

பிற நாடுகள் இவ்வுயர எல்லையைக் கீழே இறக்கி வருகின்றன. இலண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் 2017 ஜூன் 14 அன்று எரிந்து 72 பேர் மாண்ட பின், இங்கிலாந்து புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தெளிப்பான் கட்டாயமாகும் உயரத்தை 30 மீட்டரிலிருந்து 11 மீட்டராக 2020இல் குறைத்தது. வேல்ஸ் நாட்டிலோ 2016 முதல் புதிதாகக் கட்டப்படும் எல்லா வீட்டிலும் தெளிப்பான் வேண்டும். நம் நாட்டில் அவ்விதியை நாளையே கொணர்க என்று நாம் கேட்கவில்லை. குடிநீருக்கே குடம் வரிசையில் நிற்கும் ஊர்கள் உண்டு. ஆனால் உறங்குமிடத்தின் அடியில் வணிகம் நடக்கும் கட்டடத்துக்கேனும் உயரக் கணக்கை விட்டுவிட்டு வேறு கணக்குப் பார்த்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

ஒரு கட்டடத்தின் கணக்கு

பொதுவாகப் பேசுவதினும் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு பேசுவது நன்று. எம் உறவினர் ஒருவர், துணி வணிகத்தில் தலை நரைத்தவர், பொன்னேரியில் மூன்று தளக் கட்டடம் எழுப்ப முனைந்துள்ளார். கீழே கடை, முதல் மாடியில் மகன் குடும்பம், அதற்கு மேல் வாடகைக்கு இரு வீடு. வரைபடத்தை எம்மிடம் பெருமையோடு காட்டினார். படிக்கட்டு கடைக்குள்ளிருந்தே ஏறியது. கடை ஷட்டரை இறக்கிவிட்டால் வீட்டுக்கும் காவல் என்பது அவர் எண்ணம். தெளிப்பான் பற்றிக் கேட்டோம். "என்ன தம்பி, பேராசிரியர் என்று சொன்னால் மூன்று மாடிக்கு மழை பெய்ய வைக்கப் பார்க்கிறீர்களே!" என்று நகைத்தார். பின்னர்க் கணக்குப் போட்டுக் காட்டுமாறு கேட்டார். போட்டுக் காட்டியது இது.

கடை 30 அடிக்கு 40 அடி. 1,200 சதுர அடி. ஏறத்தாழ 111 சதுர மீட்டர். இத்தகைய கடைக்கு ஒரு தெளிப்பான் 12 சதுர மீட்டர் வரை காக்கும் என்பது வழக்கிலுள்ள அளவு. பத்தடிக்கு ஒன்றாக நிரைப்படுத்தினால் 12 தெளிப்பான்கள். தீ நேர்ந்து மூன்று திறந்துகொள்வதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 240 லிட்டர். அரை மணி நேரத்துக்கு 7,200 லிட்டர். கோடையில் அவர் வீட்டுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியின் ஒரு நடையினும் இது குறைவு. இந்நீரை வேறெதற்கும் எடுக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும் என்பதே அவருக்கு உறுத்தியது.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்தே நீர் தானாக இறங்கிவிடாதா என்றார். நல்ல கேள்வி. பத்து மீட்டர் உயர நீர்ப்பத்தி ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். அவர் தொட்டிக்கும் கடையின் கூரைக்கும் இடையே எட்டு மீட்டர் அளவே. குழாயில் ஏற்படும் உராய்வையும் கழித்தால் எஞ்சுவது அரை பாரை ஒட்டி நிற்கும். அப்போது ஒரு தெளிப்பான் தருவது நிமிடத்துக்கு 57 லிட்டர் அளவே. ஆகவே அழுத்தமூட்டும் பம்பு தேவை. தீயின்போது முதலில் துண்டிக்கப்படுவது மின்சாரம். எனவே பம்புக்குத் தனி மின்வழியோ டீசல் இயந்திரமோ வேண்டும். குழாயின் விட்டத்தையும் பம்பின் திறனையும் கணக்கிடுவது தகுதிவாய்ந்த பொறியாளர் வேலை; தமிழாசிரியர் வேலையன்று என்று அவரிடம் ஒப்புக்கொண்டோம்.

ஆனால் தெளிப்பானுக்கு முன்னே செய்ய வேண்டியவை சில, செலவு குறைந்தவை. முதலாவது படிக்கட்டு. வீட்டுக்குச் செல்லும் படி கடைக்குள் திறக்கலாகாது. தெருவிலிருந்தே தனியே ஏற வேண்டும். இடையே வெற்றுச் சுவர் வேண்டும். படியின் அடியில் மின்மீட்டர்ப் பலகையையும் வண்டிகளையும் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். புகைபோக்கியின் அடியில் அடுப்பு வைப்பது போன்றது அது. மொட்டைமாடிக் கதவுக்கு வெளிப்பூட்டு போடலாகாது. திருடனுக்கு அஞ்சிச் சாளரமெங்கும் கம்பி அடிக்கின்றோம்; ஒரு சாளரத்தின் கம்பியேனும் உள்ளிருந்து திறக்கும்படி இருத்தல் வேண்டும். சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 8 அன்று கடைவீட்டுத் தீயொன்றில் பிள்ளைகள் சாளரத்தில் நின்று கதறியபோது, அருகில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்கள் சாரம் கொண்டு ஏறிப் பலரை இறக்கினர். அந்நாட்டு அரசு அவர்களைப் பாராட்டியது. ஒரு குழந்தை பிழைக்கவில்லை. திறந்த சாளரம் இருந்ததாலேயே அவர்களால் அவ்வளவும் செய்ய இயன்றது. கடைக் கூரையில் புகையுணர் கருவியும், அதன் மணி மேல்வீட்டிலும் ஒலிக்கும் ஏற்பாடும் வேண்டும். மூடிய கடைக்குள் ஒலிக்கும் மணி யாரை எழுப்பும்?

பள்ளிவாசல்களை ஒட்டி வக்ஃபு இடங்களில் கீழே கடைகளும் மேலே வாடகை அறைகளும் கட்டி, அவ்வருவாயில் மதரஸா நடத்தும் ஜமாஅத்துகள் பல. அவற்றின் பெரியோர்களும் இம்மலரைப் படிப்பர் என்பதால் ஒன்று சொல்லத் துணிகின்றோம். தனி உரிமையாளர் தம் மகனைத் தம் கடைக்கு மேலே உறங்க வைக்கின்றார். ஜமாஅத் பிறர் மகனை உறங்க வைக்கின்றது. கடையை வாடகைக்கு விடும் ஒப்பந்தத்தில், என்ன சரக்கு வைக்கலாம், எவை வைக்கலாகாது என்று ஒரு விதி எழுதுவதற்குச் செலவு ஏதுமில்லை. மேலே ஆள் தங்கும் கட்டடமாயின், பெயிண்ட், தின்னர், பட்டாசு, மின்கலம் ஆகியவற்றை விலக்கி எழுதலாம். புதிய கட்டடமாயின், குழாயைக் கூரைக் கான்கிரீட் போடுமுன்பே திட்டமிட்டால் ஆகும் செலவு, பின்னர்ச் சுவரை உடைத்துப் போடும் செலவினும் மிகக் குறைவு.

எம் உறவினர் வரைபடத்தைப் பொறியாளரிடம் திருப்பி அனுப்பினார். சென்ற வாரம் வந்த புதிய வரைபடத்தில் படிக்கட்டு கடைக்கு வெளியே நகர்ந்திருக்கின்றது. அதனால் கடையின் அகலம் நான்கடி குறைந்திருக்கின்றது. மீட்டர்ப் பலகை முன்சுவருக்குப் போயிருக்கின்றது. கூரையில் பன்னிரண்டு சிறு வட்டங்கள் பென்சிலால் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குரிய நீர்த்தொட்டியின் இடம் மட்டும் இன்னும் குறிக்கப்படவில்லை. அதில் ஓர் அறை கூடுதலாக வரும் என்று மகன் சொல்வதாகக் கேள்வி.